மேல்மாடிக்கு ஒரு சத்தமில்லாத ஆள்

டூயிஸ்புர்க் உருக்காலையில் ஹெரிபெர்ட்டுக்கு ராத்திரி வேலை. கொதிக்கிற இரும்புக் குழம்பை கிரேனில் தூக்கிப் போக வேண்டும். பகலில் தூங்காமல் அதில் ஏறினால் கீழே நிற்கிறவன் கதி அவ்வளவுதான்.

அவன் அப்பன் விட்டுப்போன வீட்டில் நடுமாடி அவனுக்கு. கீழே நான் வாடகைக்கு. எனக்குப் பகல் வேலை. மேலே குடியிருந்த அங்கெ என்ற பெண் காலி செய்தபோது, எங்கள் ஊர் வழக்கப்படி தனக்குப் பதில் ஆட்களை அவளே கூட்டிவந்தாள். புருஷன், பெண்டாட்டி, இரட்டைப் பையன்கள். பையன்கள் படிக்கட்டில் குதித்து ஏறினார்கள்.

"வேணாம்மா," என்றான் ஹெரிபெர்ட். "தலைக்கு மேல குதிரையா கட்டுறது?"

"சொல்றத முழுசா கேளுய்யா..."

"கேக்கவே வேணாம்."

வந்தவர்களிடமெல்லாம் அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: சத்தம் போடுவியா? கடைசியில் ஒட்மார் என்ற கிழவர் வந்தார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி, தனி ஆள். பேச்சே காற்று மாதிரி மெல்லிசு. அன்றே ஒப்பந்தம் போட்டான்.

பிறகு காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலே டக், டக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டக். ஹெரிபெர்ட் கண் சிவந்து அலைந்தான். கிரேன் ஒருமுறை குலுங்கிவிட்டது. இன்னொரு முறை நடந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவேன் என்று ஆலை போர்மேன் சொல்லிவிட்டான்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டான். இருவரும் அண்ணாந்து நின்று கேட்டோம்.

"சவப்பெட்டி செய்றாரோ?" என்றேன்.

"சும்மா இருடா. வா, மேல போவோம்."

ஒட்மார் கதவைத் திறந்தார். கையில் ஊன்றுகோல்.

"இங்க வந்த கையோட முட்டி ஆபரேஷன் தம்பி. டாக்டர் நாள்பூரா நடக்கச் சொல்றார். மாடி இறங்க முடியல, அதான் உள்ளயே. சத்தம் வருதா என்ன? கம்பளிச் செருப்புதானே போட்டிருக்கேன்!"

ஹெரிபெர்ட் என்னைப் பார்த்தான்.

"அந்த ரெட்டைப் பசங்க?"

"பகல்ல ஸ்கூலு, அங்கெ அன்னிக்கு சொல்ல வந்ததே அதான். அப்பன் ஆத்தா வேலைக்கு. வீடே காலியா கிடந்திருக்கும்."

எங்கள் ஊரில் குடியிருக்கிறவரைச் சும்மா கிளப்ப முடியாது. அவனே மேலே ஏறிக்கொண்டு, கிழவரை நடுமாடிக்கு இறக்கினான். கட்டிலைத் தூக்கித் தூக்கி என் முதுகு போயிற்று. திங்களன்று அவன் சாயங்காலம் வரை அடித்துப்போட்டமாதிரி தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என் தலைக்கு மேல் டக், டக். படுத்தபடி கேட்பேன். முன்பெல்லாம் திரும்புகிற இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். இந்த வாரம் நிற்கவில்லை.