குதிகாலால் நூல் வெட்டுகிறவள்

1
இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் அக்கா. சொன்னாள் என்பது மரியாதைக்கு. உண்மையில் மிரட்டினாள். "ஊர்ல இருக்கறவங்க கதையெல்லாம் எழுதுறே. என் குதிகாலுக்கு என்னடா குறைச்சல்?"

முதல் தொடக்கம்: மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெண் விம்மி விம்மி

(அந்த வரியை அடித்துவிட்டேன். படித்ததும் அக்கா கத்தினாள்: "நான் எப்போடா விம்முனேன்? டீ ஆறிப்போச்சுன்னு சண்டைதானே போட்டேன்!")

2
அக்காவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை. மிதியை முன்பாதத்தால் அழுத்தினால் மெஷின் தைக்கும். குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் நூலை வெட்டும். அந்த வலது குதிகாலில்தான், சர்க்கரை நோயால், ஒரு வருடமாக ஆறாத புண். எலும்பு வரை போய்விட்டது.

முதல் டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். அக்கா இன்னொரு டாக்டரைத் தேடிப் போனாள். அந்த அம்மா முதலில் பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தார். போனது.

"கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துட்டு, நல்ல தோலை இழுத்து மூடித் தைக்கலாம். குதிகால் சின்னதாயிடும். அப்பவும் ஆறலைன்னா காலை எடுக்கத்தான் வேணும்."

"தைக்கிறதுன்னா எனக்குப் பயமில்ல டாக்டர். தையல் நேரா இருக்கணும், அவ்வளவுதான்."

(இந்த வசனம் என்னுடையதல்ல. எழுத்தாளன் நான், பேசுவது அவள். வயிறு எரிகிறது.)

3
கைவசம் இருந்த முடிவுகள்:
அ) புண் ஆறாமல், கடைசியில்... கை வரவில்லை.
ஆ) அக்கா ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கிறாள்.*

நடந்தது வேறு. அந்த அம்மா சொன்னபடியே எலும்பை எடுத்துத் தைத்தார். அதன்பின் மாதக்கணக்கில் அக்கா அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. சும்மா இருக்கத் தெரியாதவள் வீட்டையே கட்டிலிலிருந்து அதட்டி நடத்தினாள். புண் மூடியது. இப்போது உள்ளே மெத்தை வைத்த ஷூவில், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள்.

* சிரிக்காதீர்கள். சினிமா பார்த்துக் கெட்டவன்.

4
இன்று மறுபடி வேலை. கொண்டுவிடப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் அவள் ஷூவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"வலது கால்ல அழுத்த முடியுமாக்கா? இடது காலால பழகிக்கிறீங்களா?"

"துணியைக் குடு தம்பி. காலை நான் பார்த்துக்கறேன்."

மெஷின் ஓடியது. தையல் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதற்கு நாசூக்கான சொல் தேடினேன், கிடைக்கவில்லை. பெருமைதான்.

துணி முடிந்தது. டக். நூல் வெட்டுப்பட்டது.

எந்தக் குதிகால் வெட்டியது என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படி ஒரு சந்தேகம் வருவதற்கே இரண்டு கால் வேண்டும்.