நூற்றைம்பதா எண்பதா

...நூற்றைம்பது மில்லிமீட்டரே இருக்கட்டும், முகத்துக்கு அந்த லென்ஸ்தான் நல்லது, மூக்கைப் பெரிதாக்காது, கன்னத்தை இழுக்காது, தள்ளி நின்றே எடுக்கலாம், எல்லோரும் சொல்வது அதைத்தானே, பிறகு ஏன் கை இன்னும் தன்னுடைய பழைய எண்பதையே தடவிக்கொண்டிருக்கிறது... கடைக்காரர் நூற்றைம்பதைத் துணி விரித்து வைத்துவிட்டு, அவசரமே இல்லை, மாட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தன் திருப்புளியோடு ஒதுங்கிக்கொண்டார், நல்ல மனுஷன், இப்படி விற்றால் எப்படிப் பிழைப்பாரோ. வாசல் வெளிச்சத்தில் ஒரு முக்காலி, அதில் அக்கா. இந்தப் பெரிய பிலிம் கேமராவை வாங்கிய நாளிலிருந்து தங்கை எடுத்ததெல்லாம் மாடிப்படி, சுவர், பூட்டிய கதவு, அசையாத சாமான்தான் அவளுக்குத் தோது. மனிதர்கள்தான் நாள் முழுக்க அவளுடைய எக்ஸ்ரே அறைக்கு வருகிறார்களே, மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள், போங்கள்... இப்போது அக்கா வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள், என்னை ஒரு படம் எடு என்று. முகவாதம் வந்ததிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்கு நழுவிவிடுகிறவள். இந்தப் படத்தைப் பார்த்து அவள் மனம் நொந்தால் இனி எந்தக் கேமராவின் முன்னாலும் உட்கார மாட்டாள், அது நிச்சயம்.

என்ன மாதங்கள் அவை... ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது ஓரமாக ஒழுகியது, அக்கா சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது. கண் மூடாது, தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டி மூட வேண்டும், அத்தான்தான் தினமும் ஒட்டினார், முரட்டுக் கை, ஆனால் ஓர் இமைமுடிகூடப் பிய்ந்ததில்லை. ப வராது, ம வராது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவளுக்கு அம்மா என்ற சொல்லே வழுக்கி ஓடியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பலூன் ஊதி, உதட்டைக் குவித்து... ஒரு நாள் போனில் வெறும் விசில் சத்தம், எவனோ வம்பு பண்ணுகிறான் என்று வைக்கப் போனாள், பார்த்தால் அக்கா, எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தங்கை அழுத அழுகை அந்தச் சுவர்களுக்குத்தான் தெரியும். யாருக்கு நன்றி சொல்வது, டாக்டருக்கா, அத்தானுக்கா, பலூனுக்கா, எல்லோருக்கும்தான், கோடி நன்றி. இன்னும் வலது ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் தொய்வு. நூற்றைம்பதை மாட்டி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மறைத்து எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

மாட்டினாள். கேமராவின் உச்சியில் படம் விழும் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். முகம் தெளிய இரண்டடி பின்னால் போக வேண்டியிருந்தது, போனாள், தள்ளி நிற்பது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் தெரியும், இது இவளுக்குத் தெரியாததா, எக்ஸ்ரேயில் ஒரு நாளும் பக்கம் தப்பாதவள், ஆனால் எதிரே அக்கா அல்லவா... இடது பக்கமாகத் திரும்பச் சொன்னாள். அக்கா திரும்பினாள், மறைய வேண்டிய கன்னம் முழுசாக வெளிச்சத்துக்கு வந்து நின்றது. ஐயோ, அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம் என்று இவள் கையை ஆட்டி உளற, அக்கா அசையவில்லை.

"ஏன், இந்தக் கன்னத்துக்கு என்னடி? மாசக்கணக்கா காணாமப் போயிட்டு இப்பத்தான் வந்திருக்கு. இதை எடுக்கத்தானே உன்னைக் கேட்டேன்."

அப்படியானால் மறைக்க நினைத்தது யார், தள்ளி நிற்க ஆசைப்பட்டது யார்... நூற்றைம்பதைக் கழற்றி எண்பதை மாட்டினாள், அக்கா மூச்சு விடுவது கேட்கும் அளவுக்குக் கிட்டே போனாள். எது பிடித்திருக்கிறது என்று கடைக்காரர் உள்ளிருந்து கேட்டார், பாவம், இன்றைக்கு அவருக்கு வியாபாரமில்லை. தங்கை தலையைத் தூக்கி நேராகப் பார்த்தாள். அக்கா சிரித்தாள், வலது ஓரம் சற்றுத் தாமதித்தது, பிறகு அதுவும் வந்து சேர்ந்தது, போதும், இது போதும் என்று இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தச் சிரிப்பு முன்பு எப்படி இருந்தது என்று யோசித்தாள், வரவில்லை, எவ்வளவு யோசித்தும் வரவில்லை... இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவையாவது இப்படிக் கிட்டே நின்று பார்த்திருக்கிறாளா என்ன?