பையை விடு, கையைக் கொடு

1

இந்தக் கதை அரைத் தூக்கத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதியம், மின்விசிறிக்குக் கீழே படுத்தபடி தொலைக்காட்சியில் ஒரு காட்டுப் புதையல் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேற்றுமொழிப் படம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். கண் சொக்கியதில் காடு மங்கிப்போய்க் குரல்கள் மட்டும் மிதந்தன. அறுந்த தொங்குபாலத்தில் தங்கப் பையோடு தொங்கும் வில்லனிடம் கதாநாயகி கத்தினாள்: "பையை விடுடா!"

விழித்துக்கொண்டேன். படம் முழுக்க அவனை 'நீங்க' என்றவள் அவள். அந்த 'டா' எங்கிருந்து வந்தது?

இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

காட்டின் பச்சை இருள் அவள் முகத்தில் (வேண்டாம். அவள் காட்டுப் பக்கம் போனதே இல்லை.)

குரலையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்ணின் (இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.)

அக்காவும் தம்பியும் பேசிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சரி, இதுவே இருக்கட்டும்.

இருவருக்கும் படங்களுக்குக் குரல் கொடுப்பதுதான் தொழில். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா வெளியூரில் வேலையில் இருந்தாள். தம்பி தகவல் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. "அப்பாதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றான். அவள் நம்பவில்லை. அதன்பிறகு அவன் முகத்தில் விழிக்கவில்லை. ஒரே தொழிலில் இருந்தும் அதில் சிரமமில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்கிறார்கள். திரையில் உருகி உருகிக் காதலிக்கும் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பார்த்தே இருக்காது.

3

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கதாநாயகி செடிகொடி ஆராய்ச்சி செய்பவள். அருவியில் விழுகிறாள், சேற்றில் புரள்கிறாள், வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக் கல்கதவு சொட்டு எண்ணெய் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திறக்கிறது. என் குளியலறைக் கதவைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். மனிதர் காலடி படாத சுரங்கத்தில் தீப்பந்தங்கள் எரிகின்றன. கொளுத்திவைத்தது யார்? வில்லனோ துப்பாக்கியை நீட்டியபடி தன் திட்டத்தை ஆதியோடந்தமாக ஒப்பிக்கிறான்.

(கேலி செய்கிறேனே தவிர, பாலத்தின் கயிறு ஒவ்வொரு இழையாக அறும்போது என் கையும் எதையாவது இறுகப் பிடித்துக்கொள்கிறது. நான் எழுதிய எந்தப் பக்கமும் யார் கையையும் அப்படி இழுத்ததில்லை. இந்தப் படங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. ஆளைப் பள்ளத்தின் மேல் தொங்கவிட்டால் போதும், உள்ளே இருப்பது தானாக வெளியே வந்துவிடும்.)

4

பதிவைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ரீடேக் அண்ணன் என்பார்கள். எதையும் முதல் தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. கதாநாயகிக்குக் குரல் கொடுக்க வந்திருந்த அக்காவிடம் அன்று சொன்னார்:

"பாலத்து சீன் மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து பேசிடுங்கம்மா. தனித்தனியா எடுத்தா செத்த பாம்பு மாதிரி கிடக்கு."

கதவு திறந்தது. வில்லனாக வந்து நின்றவன் தம்பி.

(அவள் கிளம்பத் தயாராகக் கைப்பையைத் தோளிலேயே மாட்டியிருந்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். 'பை' என்ற குறியீடு முழித்துக்கொண்டு நிற்கிறது.)

போயிருப்பாள். ஆனால் அதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். திரையிலிருந்து பச்சை வெளிச்சம் வழிந்தது. சுவரெல்லாம் இலைகள் அசைந்தன. காற்றே வராத அந்த அறையில் மூடுபனி நகர்ந்தது. பக்கத்து மைக்கில் நின்ற தம்பியின் முகத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது.

"பையை விடுங்க! கையைக் கொடுங்க!"

"முடியாது! இது என்னோடது!"

"அம்மா, ஆள் சாகப்போறான். நீங்க பஸ்ல இடம் கேக்குற மாதிரி கேக்குறீங்க. இன்னொண்ணு."

இன்னொன்று. மறுபடியும் இன்னொன்று. அடுத்த தடவை, வில்லனின் விரல்கள் நழுவும் இடத்தில் தம்பி மூச்சிரைத்தான். இழுத்து, நடுவில் விக்கி, பாதியில் நிற்கும் மூச்சு. மாடி ஏறி வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா விடும் மூச்சு. அதைவிட மெலிந்திருந்தது, அதைவிடத் தொலைவில் இருந்தது. இந்த மெலிவை அவள் கேட்டதில்லை.

"விடுடா! பையை விடுடா! கையைக் குடுடா!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ரீடேக் அண்ணனின் குரல் மெல்ல வந்தது: "இது இருக்கட்டும்."

5

முதல் முடிவு: அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழ (வயலின் சத்தம் கேட்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள். (யதார்த்தம் என்று பாராட்டுவார்கள். எனக்கு அது பயந்து ஓடுவதாகத் தெரிகிறது.)

நடந்தது இதுதான். படிக்கட்டில் அவள் அவனை நிறுத்தினாள்.

"அந்த மூச்சு... அப்பாவோடதுதானே?"

"ஆமாக்கா. வேணும்னு செய்யல. அந்த இடத்துல தானா வந்துடுச்சு." கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடைசியில அப்படித்தான் இழுத்துச்சு. போன்ல அது உன் காதுல விழுந்துடக் கூடாதுன்னாரு. அதான் கூப்பிட விடல."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்தத் தடவை நம்பினாள். இத்தனை வருடம் அவன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நீ தனியாவா இருந்தே?"

"ம்."

"என்னைப் பத்தி எதாவது சொன்னாராடா?"

அவன் படியில் உட்கார்ந்து, நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்ததும் சொல்லத் தொடங்கினான்.

என்ன சொன்னான் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவளுக்குச் சொன்னது. வேண்டுமென்றால், உங்களைப் பற்றி உங்கள் அப்பா கடைசியாக என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன்.