தேதி உள்ள பக்கம்

எபனேசர் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கினான். அந்த மருந்துக்கடைக்கு வேலையாட்கள் அப்படித்தான் வருவார்கள். முதலாளி அண்ணாச்சி டேப்பைக் கிழித்தார், பஞ்சை விலக்கினார். அவன் எழுந்து நின்று வணக்கம் சொன்னான். சட்டையின் கீழ் ஓரத்தில் மாத்திரை அட்டைக்கு இருப்பதுபோல ஒரு வெள்ளித்தாள் பட்டை ஓடியது. அதன் ஒரு மூலையில் ஆள் எதுவரை செல்லும் என்ற தேதி இருக்கும். கவுண்டரில் நின்ற உலகம்மாளுக்கும் அது உண்டு, சேலைத் தலைப்பில். அடுத்தவர் தேதியைக் குனிந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று அவள் பார்க்காமல் விட்டாள். பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த அந்தக் கடையில் அதுவரை கவுண்டர் முழுக்க அவள் ராஜ்யம். லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். போன தடவை கொடுத்த வெள்ளை மாத்திரை வேண்டும் என்பார்கள். கடையில் முக்கால்வாசி வெள்ளை. மனைவியின் மூட்டுவலியை வயர்கூடையில் வைத்து எடுத்து வருவார்கள். கூடையை உடனே திருப்பித் தர வேண்டும். டாக்டர் சீட்டில் எழுத்துகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துத்தான் படிக்க முடியும். உலகம்மாள் முகம் சுளித்ததில்லை.

அவள் பெருமை கத்தரிக்கோலில் இருந்தது. யாராவது ரெண்டு மாத்திரை வெட்டிக் கேட்டால் தேதி இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டுவாள். தேதி மிச்ச அட்டையோடு கடையில் நிற்க வேண்டும். அது போய்விட்டால் மிச்சம் எப்போது கெடும் என்று எந்தச் சாமிக்குத் தெரியும்? அவள் தூக்கத்தில் வெட்டினாலும் கை தப்பாது.

எபனேசர் வந்த மறுநாள் கவுண்டர் அவன் பக்கம் ஒரு சாண் நீண்டது. அவள் பக்கம் ஒரு சாண் குறைந்தது. தினமும் அப்படியே நடந்தது.

அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. இருமல் மருந்து எங்கே இருக்கிறது என்று அவளிடம்தான் கேட்பான். ஆனால் வந்தவர் முகத்தைப் பார்த்து, என்ன செய்கிறது என்று விசாரிப்பான். விசாரித்ததும் காய்ச்சல் இறங்கிவிடும். அவன் வரிசை ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, கடையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து உலகம்மாளின் ஸ்டூலை இடித்தது. இடித்தவர்கள் அவளிடம் வரிசை நகர்கிறதா என்று கேட்டார்கள்.

பேதி என்று வந்தவருக்கு ஒருநாள் அவன் சீப்பை எடுத்துக் கொடுத்தான். பேதியும் நின்றது, தலையும் படிந்தது. ஊர் மெச்சியது. உலகம்மாள் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்ததை மட்டும் அதே ஊர் வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அவளுக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவன் சிரித்தால் பொறாமை, தும்மினால் பொறாமை. அவன் தும்மலுக்கு வரிசை முழுக்க "நூறு" என்று வாழ்த்தியது. அவள் தும்மினால் தள்ளி நின்றார்கள்.

மிச்சம் இருந்தது சுடலைமுத்து ஒருவர்தான். ரிட்டயரான கண்டக்டர். சர்க்கரை மாத்திரைக்கு அவளிடம் மட்டுமே வருவார். வாங்கியதும் ரெண்டு விசில் ஊதிவிட்டுப் புறப்படுவார். அவர் ஒருவர் நிற்கும் அகலத்துக்குத்தான் கவுண்டரும் அவளுக்கு மிச்சம் இருந்தது. அதுவும் போனால் அவளை மேல் அலமாரியில் விலைபோகாத தைலங்களோடு தூக்கி வைத்துவிடுவார்கள். முன்னால் வேலை பார்த்த பிச்சையா அங்கேதான் இருந்தார். எப்போதாவது இருமுவார்.

வெள்ளிக்கிழமை சுடலைமுத்து வந்தார். அவள் முகம் மலர்ந்து சர்க்கரை மாத்திரையை எடுத்தாள்.

"அது வேண்டாம் தாயி," என்றார். "எபனேசர்ல ஒரு ரெண்டு வெட்டிக் குடு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

உலகம்மாள் எபனேசரைப் பார்த்தாள். அவன் கிட்டே வந்து சட்டை ஓரத்தை விரித்துப் பிடித்தான்.

"வெட்டுங்கக்கா. உங்க கை மாதிரி வராதுன்னு அண்ணாச்சி சொல்லுதாரு."

அவன் அதை மனசாரச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கண் இருட்டியது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வெட்டிவிட்டாள். துண்டு உள்ளங்கையில் விழுந்தபோது அதில் எழுத்து இருந்தது.

படித்தாள். இந்த மாதக் கடைசி. அந்த வாரம் கழிந்திருந்தால் கம்பெனி வண்டியில் அவனே ஏறிப் போயிருப்பான். ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்கவில்லை. சுடலைமுத்து அவள் கையிலிருந்து துண்டை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, ரெண்டு விசில் ஊதிவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் வண்டி வந்தது. தேதி முடிந்ததைத் திரும்ப எடுக்கிற கம்பெனி ஆள் முதலில் பிச்சையாவை இறக்கிப் பெட்டியில் வைத்தான். பிறகு எபனேசரின் சட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தேதி எங்கே என்றான். வெட்டியாயிற்று என்றார் அண்ணாச்சி.

"தேதி இல்லாத சரக்க நாங்க எடுக்க மாட்டோம். கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்ல? இவரு இங்கயே இருக்க வேண்டியதுதான்."

"எதுவரைக்கும்?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"அதான் தேதி இல்லையே."

வரிசை கைதட்டியது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கைதட்டல் ஓடி, பின்வாசல் வழியாக அவள் முதுகுக்கு வந்து நின்றது. கம்பெனி ஆள் அவள் சேலைத் தலைப்பையும் எடுத்துப் பார்த்தான். மரியாதையாக மடித்துக் கையில் கொடுத்து, அடுத்த தடவை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

எபனேசர் அவள் பக்கம் குனிந்தான். முகத்தில் துளிக் கள்ளம் இல்லை.

"கவலைப்படாதீங்கக்கா. நீங்க போனப்புறம் உங்க பக்கத்தையும் நான் பாத்துக்கிடுதேன்."

உலகம்மாள் கத்தரிக்கோலை எடுத்தாள். தலைப்பில் தேதி இருந்த மூலையைப் பிடித்து வெட்டினாள். தேதி இல்லாத மூலை கீழே விழுந்தது. சேலையைத் திருப்பிப் பிடித்து வெட்டினாள். மறுபடியும் தேதி இல்லாத பக்கமே விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள், இடது கையால் வெட்டினாள். காலடியில் துணி குவிந்தது. அவள் கைக்கு அந்தத் தப்பைச் செய்யத் தெரியவில்லை. ஒரு தடவை செய்ததையும் அவனுக்குச் செய்து முடித்திருந்தாள். தேதி தலைப்பில் பத்திரமாக இருந்தது.