மார்லிஸின் ட்ரெய்லருக்கு அடியில்

ரெய்னோ லாஹ்டி தன் பழுதுபார்க்கும் கடையில், மார்லிஸ் கோஸ்கேலா தன் வண்டியின் பின்னால் மாட்டிக் குதிரையை ஏற்றிப்போகும் ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். அலுமினியச் சட்டத்தை இரும்பு அச்சோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் சுரண்டினால் உதிர்ந்தது.

மிச்சிகனின் வடகோடியில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டுவிட்டால் இரும்பும் அலுமினியமும் ஒட்டிக் குடித்தனம் நடத்த முடியாது, கரைந்துபோவது அலுமினியம்தான். நடுவே பிளாஸ்டிக் தகடு வைத்து, துருப்பிடிக்காத போல்ட்டு போட்டுவிட்டால் தீர்ந்தது. ரெய்னோவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அப்படிச் செய்துவிட்டால் அவள் அடுத்த அக்டோபரில் எதற்கு வருவாள்? அதனால் வருஷா வருஷம் பனிக்கு முன்னால் அரிப்பைத் தடுக்கும் எண்ணெயை மட்டும் பீய்ச்சி அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு பிற்பகலுக்காகத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டினான். கணவனைப் பிரிந்து தனியாகக் குதிரை வளர்க்கும் மார்லிஸ் ஏலக்காய் ரொட்டி கொண்டுவருவாள். இருவரும் காப்பியில் தோய்த்துத் தின்பார்கள். பேசுவது அவள்தான். ஐம்பத்தெட்டு வயது ஆளான இவனோ வாயில் கொழுக்கட்டையை அடைத்தவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். அவள் போன பிறகு அவள் குடித்த கோப்பையைக் கழுவ மனசு வராது. அப்படி ஓர் ஏக்கம்.

இனி வெறும் எண்ணெயில் தாங்காது. குதிரையோடு நெடுஞ்சாலையில் போகும்போது சட்டம் முறிந்தால்? பாழாய்ப்போன ஆசைக்கு அவளைப் பலிகொடுக்க முடியுமா? ரெய்னோ அச்சைக் கழற்றிப் பொடியைத் தேய்த்து எடுத்தான். நல்லவேளை, உள்ளே கெட்டியாகவே இருந்தது. தகடுகளை வைத்துப் புது போல்ட்டுகளை முடுக்கினான். ஒவ்வொன்றாக முடுக்கும்போதும் அழுகை முட்டியது.

மாலையில் கடைத்தெருவிலிருந்து திரும்பிய மார்லிஸ் குனிந்து பார்த்தாள். கறுப்புத் தகடுகளைக் கண்டதும் முகம் வாடிவிட்டது.

"இனிமே எண்ணெய் வேண்டாமா?"

"வேண்டாம். வீட்டுலயே தண்ணி பீச்சிக் கழுவினாப் போதும்."

"என்னை வராதேன்னு சொல்றீங்க."

"ஐயோ, அப்படி இல்லீங்க. சட்டம் அரிச்சிருந்துச்சு."

"என் தம்பி ட்ரெய்லர் வெல்டர். தகடு வைக்காம எண்ணெய் அடிக்கிறவன் ஒண்ணு முட்டாள், இல்ல உன்னைப் பார்க்க ஆசைப்படறவன்னு முதல் வருஷமே சொல்லிட்டான்."

ரெய்னோவுக்குக் காது சூடேறியது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"முட்டாள் இல்லன்னு சொன்னேன். இப்பத்தான் சந்தேகமா இருக்கு."

அவள் ஏறி வண்டியைக் கிளப்பினாள். அவளும் இத்தனை வருஷமாகக் காத்திருந்தாளா?  ரெய்னோ ஓடிப்போய் வண்டிக் கண்ணாடியைத் தட்டினான்.

"புது போல்ட்டு. அம்பது மைல் ஓடினதும் இன்னொரு தரம் முடுக்கணும்."

"யாரு முடுக்குவா?"

 ரெய்னோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கடைக் கதவு திறந்தே கிடந்தது.