காப்புக் கட்டிய ஊரில் மாட்டிக்கொண்ட கோச்

மாரீஸ்வரிக்கு வாய் அடங்காது. எட்டு வருஷம் மாநிலக் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் பந்தோடு பறந்தவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்ட பிறகு, காலில் இருந்த வேகத்தையெல்லாம் தொண்டைக்கு மாற்றிக்கொண்டாள். விசிலைக் கழுத்தில் மாட்டிக் கோச் ஆகி ஏழு வருஷமாகிறது. கோட்டுக்கு வெளியே நின்று "அங்கன போடுடி, இங்கன வாடி" என்று அவள் போடுகிற கூச்சலில், எதிரணிப் பிள்ளைகள்கூடச் சில நேரம் அவள் சொன்னபடி ஓடிவிடும். தான் ஒரு நிமிஷம் வாயை மூடினால் பிள்ளைகள் தோற்றுப்போகும் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம்.

இந்தத் தடவை அவள் அணி மாநில இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. புதன்கிழமை மத்தியானம், நாகர்கோவிலில். ஜெயித்தால் நாலு பிள்ளைக்காவது விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கும், படிப்பும் சாப்பாடும் இலவசம். தோற்றால் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை இருக்கவே இருக்கிறது.

இங்கேதான் வந்தது வினை. அணியில் ஆறு பேர், மாரீஸ்வரியையும் சேர்த்து ஏழு பேர், குச்சனூர்ப் பக்கத்தில் ஒரே ஊர். அந்த ஊர் அம்மனுக்குச் செவ்வாய் சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது எல்லைக்குள் இருக்கிற ஊர்க்காரர் யாரும் திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. போகிறவர்கள் கட்டுக்கு முந்தியே போய்விட்டால் தோஷமில்லை. மாரீஸ்வரி லேசுப்பட்டவளா? மூன்று மணிக்கே ஆறு பிள்ளைகளையும் பையோடு சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள்.

அப்போதுதான் கோல்கீப்பர் ஜோதிலட்சுமி தலையைச் சொறிந்தாள். "அக்கா, கிளவுஸ் வீட்டுக் கொடியில காயுதுக்கா."

மாரீஸ்வரி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு ஸ்கூட்டரை ஊருக்குத் திருப்பினாள். ஜோதிலட்சுமி வீட்டுக் கொடியில் கையை வைத்த நேரம், கோயில் பக்கம் கொட்டுச் சத்தமும் குலவைச் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தால், தன் அம்மா மூக்கம்மாள் நெற்றி நிறையத் திருநீறோடு எதிரே வருகிறாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குன்னு பூசாரி வெரசாக் கட்டிப்புட்டாக. நீ இன்னும் கெளம்பலையா ஆத்தா?"

மாரீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓடிவிடலாம்தான். ஆனால் ஊரில் ஒரு மாடு நொண்டினால்கூட "கோச்சம்மா எல்லை தாண்டுனா" என்று அவள் தலையில்தான் விடியும். அப்புறம் எந்த வீட்டிலும் பெண்பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஜெபராணிக்குப் போன் போட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்தாள். ஜெபராணிக்கு வாலிபால் மட்டும்தான் தெரியும்.

"கிளவுஸ நாகர்கோயில்லயே வாங்கிக்கிறலாமேக்கா, இதுக்கா போனீக?" என்று அவள் சாவதானமாகக் கேட்டாள். மாரீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆட்டம் தொடங்கியதும் ஜெபராணி போனில் வர்ணனை சொல்ல ஆரம்பித்தாள். "ஒருத்தி கொண்டு போறா... இன்னொருத்தி பிடுங்கிட்டா... அய்யோ, கோலு விழுந்துருச்சுக்கா, நம்ம வலையில." மாரீஸ்வரி வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். எதிரணியில் நெட்டையாக ஒருத்தி, நம் அணித் தடுப்பாட்டக்காரி எப்சிபா நிற்கிற பக்கமாகவே புகுந்து வருகிறாள் என்பது அந்த அரைகுறை வர்ணனையிலும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இடைவேளையில் கேப்டன் சங்கிலியம்மாளைக் கூப்பிடச் சொன்னாள்.

"சங்கிலி, அந்த நெட்டச்சி எப்சிபா பக்கந்தான் வாரா. எப்சிபாவ மேல ஏத்திவிட்டு நீ பின்னால..."

"அத அப்பவே மாத்தியாச்சுக்கா. அதுக்கப்புறம் அவ பந்தத் தொடவே இல்ல. நீக பதறாதீக. சாப்பிட்டீகளா?"

 சொல்வதற்கு மீதி எதுவும் இல்லை என்பது மாரீஸ்வரிக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.  போனை அணைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் உட்கார்ந்தாள்.

"மேட்சு முடிஞ்சிருச்சா?" என்றாள் மூக்கம்மாள்.

"இல்லத்தா."

"பெறகு?"

"அதுகளே பாத்துக்கிடும். இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்து."

மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு மின்விசிறிக்கு அடியில் பாயை விரித்தவள்தான்.

"ஏ ஆத்தா, எந்திரி!" என்று மூக்கம்மாள் தன் போனை அவள் காதில் வைத்து உலுக்கினாள். காது கிழிகிற இரைச்சல்.

"ரெண்டுக்கு ஒண்ணுக்கா! ஜெயிச்சுட்டோம்!" சங்கிலிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "போன ஏன் அணைச்சு வச்சீக? கோவமோன்னு பயந்துட்டோம்."

மாரீஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் இல்லடி. தூங்கிட்டேன்."



"மேட்சு நடக்கையிலயா?"

"ஆமா. நல்ல தூக்கம்."

"ஏடி!" என்று சங்கிலி அங்கே திரும்பிக் கூவினாள். "அக்கா தூங்கிட்டாகளாம்டி!" அதற்கு எழுந்த ஆரவாரம், கோல் போட்டபோதுகூட எழுந்திருக்காது.