லண்டன் நாலு மணி

...மூன்று இருபதுதானா, இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தோமா இல்லையா, டிக் டிக் என்று கேட்கிறதே, ஓடத்தான் செய்கிறது, முள்தான் நகரமாட்டேன் என்கிறது. இன்னும் நாற்பது நிமிடம், ஏசுதாசா, பல்லைக் கடித்துக்கொள், நாலு மணிக்குக் கிருபா லண்டனில் இறங்கிவிடுவாள், நர்ஸ் வேலை, இரும்புலியூரிலிருந்து விமானம் ஏறிய முதல் பெண் என் மகள்தான். அவள் இறங்கும்வரை ஒரு பருக்கை தொடமாட்டேன் என்று காலையில் சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னேனே, யார் சொல்லச் சொன்னார்கள்? மெட்டில்டா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார், அதைப் பார்த்ததும் இன்னும் உருக்கமாகப் பேசினேன், அப்போது வயிற்றில் ஆறு இட்லி இருந்தது, பேசியது நானல்ல, இட்லி. இப்போது பார், ஒருவேளைச் சாப்பாடு தவறியதற்கே கண் இருட்டுகிறது, இந்த ரத்தினபாய்க்கு ஈவிரக்கம் உண்டா, மகள் ஆகாயத்தில் இருக்கிறாள், தாய் வஞ்சிரம் குழம்பு வைக்கிறாள், கேட்டால் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்கிறாள். ஆண்டவரே, விமானத்தைப் பத்திரமாக இறக்கும்... கொஞ்சம் சீக்கிரமாகவும்... சேச்சே, என்ன ஜெபம் இது, கீழே கடல் இருக்கிறது, நேற்று சாயங்காலம் மீனம்பாக்கத்தில் புதுக் கம்பளிச் சட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாளே, எனக்கு அழுகை வந்தது, இருமினேன்.

பம்பாயிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு மைல், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறி, மொத்தம் பதினோரு மணி நேரத்துக்கு மேல் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. ரயிலில் தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போவதற்குள்ளேயே கால் கடுக்கிறதே சார் என்று ஏகநாதன் வாயைப் பிளந்தான். பதினோரு மணி நேரம்... காலை பத்துக்குப் பம்பாயில் கிளம்பினால்... பத்தும் பதினொன்றும்... இருபத்தொன்றா? அது ராத்திரி ஒன்பது அல்லவா, அப்படியென்றால் இந்த நாலு மணி எங்கிருந்து வந்தது? டிக்கெட்டில் போட்டிருப்பது லண்டன் நாலு. அங்கே பொழுது சாவகாசமாகத்தான் விடியுமாம், நமக்கு அப்போது ஒன்பதரை. ஒன்பதரை வரைக்கும் இந்த வாசனையோடு எப்படி உட்கார்ந்திருப்பது? நான் நாலு மணி என்றுதானே வாக்குக் கொடுத்தேன்... இல்லை, இறங்கும்வரை என்றேன், மெட்டில்டா டீச்சர் ஒரு சொல்லையும் மறக்கமாட்டார். ஆண்டவர் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்?

ரத்தினபாயிடம் கணக்கைச் சொன்னேன், சிரிப்பாள் என்று பார்த்தால் தட்டை வைத்துவிட்டாள். "நீங்க வாக்குக் குடுத்தது இந்த ஊர்லதானே, இந்த ஊர் நாலுக்கே சாப்பிடுங்க, ஆண்டவர் ஒண்ணும் கோவிச்சுக்கமாட்டார்." நாற்பது வருஷம் வேதம் படித்த எனக்கு இது தோன்றவில்லையே, முள் நாலைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டேன், குழம்பு, மீன் துண்டு, முதல் கவளம், அப்பா, உயிர் வந்தது. வாய் நிறைந்த பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது, நீ எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்றேன். "எனக்கு இருக்கட்டும். அவ போய் இறங்கட்டும்." இருக்கட்டும் என்றால்... எனக்கு எடுத்தது போகக் குழம்புச் சட்டி அப்படியே இருக்கிறது, காலையில் இட்லித் தட்டு எனக்கு மட்டும்தான் வந்தது, நேற்று ராத்திரி தலைவலி என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள், சாட்சி சொல்லவில்லை, எழுந்து நிற்கவில்லை, யாரும் கண்ணைத் துடைக்கவில்லை, முப்பது வருஷத்தில் இவள் இப்படி எத்தனை தடவை இருந்திருப்பாள், நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? வாயில் இருப்பதை விழுங்குவதா, துப்புவதா? இதை ஆண்டவரிடம் கேட்பதா, இவளிடம் கேட்பதா? இவளோ இன்னொரு துண்டு எடுத்து வைக்கிறாள்.